வேல்ஸின் வருங்காலத் தலைமுறையினர் நல்வாழ்வுச் சட்டம்: பத்தாண்டில் அது எதை மாற்றியது?

மருதநிலம் (தொடக்கப் பதிவு):

நடுவண் அரசிடமிருந்து ஓரளவு அதிகாரம் பெற்ற ஓர் அரசு, அந்த அதிகாரத்தை முதலில் எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்ற கேள்விக்கு வேல்ஸ் அரசு ஒரு சட்டத்தின் வழியாகவே விடை சொல்ல முயன்றது. அதைப் பாராட்டியும் குறைகூறியும் நிறைய எழுதப்பட்டுவிட்டது. அது உண்மையில் எந்த முடிவை மாற்றியது, எதை மாற்ற முடியாமல் நின்றது என்பதை மட்டும் இந்த இழையில் பேச விரும்புகிறேன்.

முதலில் பின்னணி. தனி மன்றம் வேண்டுமா என்று 1997 செப்டம்பரில் வேல்ஸ் மக்களிடம் கேட்கப்பட்டபோது 50.3 விழுக்காட்டினரே ஆம் என்றார்கள். வேறுபாடு வெறும் 6,721 வாக்குகள். அத்தனை மெலிந்த இசைவோடு பிறந்த மன்றம், தான் ஏன் இருக்க வேண்டும் என்பதைச் செயலால் காட்ட வேண்டிய நிலையில் இருந்தது. நீடித்த வளர்ச்சியை முன்னெடுப்பது அதன் கடமை என்று 1998-ஆம் ஆண்டின் வேல்ஸ் ஆட்சிச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. மருந்துச் சீட்டுக்கான கட்டணத்தை 2007-இல் நீக்கியதும், கடைப் பைகளுக்கு 2011-இல் 5 பென்ஸ் கட்டணம் விதித்ததும் பிரிட்டனின் நான்கு நாடுகளில் முதன்முதலாக வேல்ஸில்தான் நடந்தன. ஆகவே 2015 ஏப்ரலில் அரச ஒப்புதல் பெற்று மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த வருங்காலத் தலைமுறையினர் நல்வாழ்வுச் சட்டத்தை, ஏற்கெனவே இருந்த ஒரு மனப்போக்குக்குக் கிடைத்த சட்ட வடிவமாகவே நான் பார்க்கிறேன்.

அச்சட்டம் ஏழு இலக்குகளை வகுக்கிறது: வளம், தாங்குதிறன், உடல்நலம், சமத்துவம், இணக்கமான சமூகங்கள், துடிப்பான பண்பாடும் செழிக்கும் வேல்ஷ் மொழியும், உலகப் பொறுப்பு. ஒரு சிறு மக்களின் தாய்மொழி தழைப்பதைக் காற்றின் தூய்மைக்கும் உடல்நலத்துக்கும் இணையான நல்வாழ்வு இலக்காகச் சட்டத்திலேயே எழுதியது என்னை மிகவும் கவர்ந்தது. இந்த இலக்குகளை நோக்கி நடக்கும்போது நீண்டகால நோக்கு, வருமுன் காத்தல், ஒருங்கிணைப்பு, கூட்டுழைப்பு, மக்களை ஈடுபடுத்தல் ஆகிய ஐந்து வழிமுறைகளைப் பின்பற்ற வேண்டும் என்ற கடமை அமைச்சர்கள், உள்ளாட்சிகள், சுகாதார வாரியங்கள் உள்ளிட்ட 44 பொது அமைப்புகள்மேல் சுமத்தப்பட்டது. இன்னும் பிறக்காதவர்களின் சார்பில் பேசுவதற்கு ஓர் ஆணையர் பதவியும் உருவானது. முதல் ஆணையராக 2016 முதல் சோஃபி ஹௌ இருந்தார். 2023 முதல் டெரெக் வாக்கர் இருக்கிறார்.

இச்சட்டத்தின் எடையைக் காட்ட நான் எடுத்துக்கொள்வது எம்4 நெடுஞ்சாலை முடிவு. நியூபோர்ட் நகரத்தை ஒட்டிய பிரின்கிளாஸ் சுரங்கப் பாதையில் நெரிசல் தீராத தொல்லையாக இருந்ததால், நகரத்தின் தெற்கே ஏறத்தாழ 23 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய நெடுஞ்சாலை அமைக்கத் திட்டமிட்டார்கள். செலவு சுமார் 140 கோடி பவுண்டு. அது குவென்ட் தாழ்நிலங்களின் வழியாகப் போக வேண்டியிருந்தது. கால்வாய்களும் ஈரப் புல்வெளிகளுமாகப் பல நூற்றாண்டுகளாகப் பேணப்பட்டு வரும் நிலம் அது. பொது விசாரணையில் ஆணையர் இத்திட்டத்துக்கு எதிராகக் கருத்துரைத்தார். விசாரணை அதிகாரியோ சாலையை அமைக்கலாம் என்றே பரிந்துரைத்தார். முதல் அமைச்சர் மார்க் டிரேக்ஃபோர்டு 2019 ஜூன் 4 அன்று திட்டத்தை நிராகரித்தார். செலவு ஒரு காரணம். ஆனால் பணம் இருந்திருந்தாலும் சுற்றுச்சூழல் பாதிப்பைக் கருதி இதற்கு ஒப்புதல் அளித்திருக்க மாட்டேன் என்றும் அவர் தெளிவாகச் சொன்னார். ஆயத்தப் பணிகளுக்கு மட்டும் 11 கோடி பவுண்டுக்கு மேல் செலவான பின்பு, தொழில் அமைப்புகளின் கோபத்தை எதிர்பார்த்துக்கொண்டே எடுத்த முடிவு அது. வருங்காலத் தலைமுறை என்று மேடையில் பேசுவது எளிது. நிகழ்காலத் தலைமுறைக்குப் பிடித்த ஒன்றை மறுக்கும்போதுதான் அந்தப் பேச்சுக்கு எடை கிடைக்கிறது.

கணக்கர்:

மருதநிலம் அவர்களே, நல்ல தொடக்கம். ஆனால் எம்4 முடிவின் மறுபக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாலை வேண்டாம் என்றபின் அதற்கு மாற்று என்ன என்று ஆராய டெரி பர்ன்ஸ் பிரபு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அக்குழு 2020 நவம்பரில், வேல்ஸ் தலைநகர் கார்டிஃபுக்கும் செவர்ன் ரயில் சுரங்கத்துக்கும் இடையே ஆறு புதிய ரயில் நிலையங்கள், கூடுதல் பேருந்துத் தடங்கள், சைக்கிள் பாதைகள் என்று விரிவான பரிந்துரை தந்தது. வேல்ஸின் பெரும்பாலான ரயில் பாதைகள் லண்டனில் உள்ள பிரித்தானிய அரசின் பொறுப்பில் இருப்பதால், அந்த நிலையங்களுக்கான பணம் 2025 ஜூனில் பிரித்தானிய அரசு வேல்ஸ் ரயில்வேக்கு அறிவித்த 44.5 கோடி பவுண்டுத் தொகுப்பில்தான் இடம்பெற்றது. அதுவும் பல ஆண்டுகளில் பிரித்துத் தரப்படும் பணம். அதுவரை நியூபோர்ட்வாசி அதே பிரின்கிளாஸ் சுரங்க வாயிலில் காத்திருக்க வேண்டியதுதான். மறுக்கும் அதிகாரம் கார்டிஃபிலும் மாற்றுவழி தரும் அதிகாரம் லண்டனிலும் இருக்கும்போது, நல்ல முடிவுகூட மக்கள் கண்ணுக்கு வெறும் தடையாகவே தெரிகிறது.

எனக்குள்ள இரண்டாவது கவலை சட்டத்தின் அமைப்பைப் பற்றியது. ஆணையர் பரிந்துரைக்கலாம்; பொது அமைப்பு அதற்கு வெளிப்படையாகப் பதில் சொல்ல வேண்டும்; அதற்கு மேல் எதுவும் இல்லை. அஃபான் பள்ளத்தாக்கில் ஒரு பள்ளியை மூடுவதை எதிர்த்து இச்சட்டத்தைக் காட்டி வழக்காட முயன்றபோது, தனிமனிதர் உரிமை கோரத்தக்க சட்டமாக இதை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. நான் ஓர் உள்ளாட்சி அமைப்பின் நிதிப் பிரிவில் பணியாற்றியவன். முடிவை முதலில் எடுத்துவிட்டு, அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஏழு இலக்குகளுக்கும் ஐந்து வழிமுறைகளுக்கும் எதிரே ஒவ்வொரு வரி எழுதிச் சேர்ப்பதை நான் பலமுறை நேரில் கண்டிருக்கிறேன். எழுதியவர்கள் தீயவர்கள் அல்லர். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லை என்பதே காரணம்.

இதே அரசின் குப்பைக் கொள்கையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளாட்சிகள் சேகரிக்கும் கழிவில் இவ்வளவு பங்கு மறுசுழற்சிக்குப் போக வேண்டும் என்று 2010-ஆம் ஆண்டின் சட்டம் எண்ணாகவே எழுதியது: 2015-16-இல் 58 விழுக்காடு, 2019-20-இல் 64, 2024-25-இல் 70. இலக்கைத் தவறவிட்ட உள்ளாட்சிக்குக் குறையும் ஒவ்வொரு டன்னுக்கும் 200 பவுண்டு அபராதம் விதிக்கலாம். அமைச்சர்கள் அந்த அபராதத்தைப் பெரும்பாலும் வற்புறுத்தாமல் விட்டார்கள் என்றாலும், அப்படி ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே உணவுக் கழிவுக்குத் தனி வாளி, வாரந்தோறும் சேகரிப்பு, அதற்கான வண்டிகள் என்று பணத்தை நகர்த்தியது. 1990-களின் இறுதியில் 5 விழுக்காட்டைக்கூட எட்டாத நாடு, இன்று 65-ஐத் தாண்டி உலகின் முன்னணி நாடுகளில் ஒன்றாக நிற்கிறது. எண்ணும் காலக்கெடுவும் விளைவும் எழுதப்பட்ட இடத்தில் நீடித்த வளர்ச்சி கைகூடியது. அவை எழுதப்படாத இடத்தில் அது அறிக்கையாகவே தங்கிவிட்டது.

இளவேனில்:

நான் கார்டிஃபில் வசிக்கிறேன். சட்டம் சொல்லும் ஐந்து வழிமுறைகளில் ஐந்தாவதான மக்களை ஈடுபடுத்தலைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்.

குடியிருப்புப் பகுதிச் சாலைகளில் வேக வரம்பை மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாக 2023 செப்டம்பர் 17 அன்று குறைத்தார்கள். நோக்கம் நல்லது, குழந்தைகள் பள்ளிக்கு நடந்து போகும் தெருவில் யாரும் அடிபடக் கூடாது என்பதே அது. ஆயினும் அதைத் திரும்பப் பெறக் கோரி செனெத் என்று இன்று அழைக்கப்படும் வேல்ஸ் மன்றத்தின் இணையதளத்தில் வைக்கப்பட்ட மனுவில் ஏறத்தாழ 4 லட்சத்து 70 ஆயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். மொத்த மக்கள்தொகையே 31 லட்சம் உள்ள நாட்டில் இது எவ்வளவு பெரிய எண் என்று எண்ணிப் பாருங்கள். முதல் ஆண்டின் புள்ளிவிவரம் வந்தபோது, 20, 30 மைல் வரம்புள்ள சாலைகளில் விபத்தில் காயமுற்றோரும் இறந்தோரும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தார்கள். அதற்குள் எந்தெந்தச் சாலைகளை மீண்டும் 30 மைலுக்கு மாற்றலாம் என்று உள்ளாட்சிகள் ஆராயத் தொடங்கிவிட்டன. என் அண்டை வீட்டுப் பெரியவர் அந்த மனுவில் கையெழுத்திட்டவர். அவருக்குப் பாதசாரிகள்மேல் வெறுப்பு ஏதுமில்லை. தன் ஊரின் எந்தச் சாலை பள்ளிச் சாலை, எது ஊரைத் தாண்டிச் செல்லும் சாலை என்று யாரும் தன்னிடம் கேட்கவில்லை என்பதே அவருடைய வருத்தம்.

உழவர்களிடமும் இதுவே நடந்தது. மானியம் பெற வேண்டுமானால் பண்ணை நிலத்தில் 10 விழுக்காட்டில் மரம் இருக்க வேண்டும் என்ற முன்மொழிவை எதிர்த்து 2024 மார்ச்சில் செனெத் படிகளில் ஆயிரக்கணக்கான ரப்பர்க் காலணிகளை அடுக்கி வைத்தார்கள். நிபந்தனை கைவிடப்பட்டது, நீடித்த வேளாண்மைத் திட்டம் ஓராண்டு தள்ளிப்போய் 2026-இல் தொடங்குவதாயிற்று. மலைச்சரிவில் செம்மறி வளர்ப்பவரிடம் எந்த மூலையில் மரம் நடலாம் என்று முதலிலேயே கேட்டிருந்தால், மரமும் கிடைத்திருக்கும், அவருடைய நம்பிக்கையும் கிடைத்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மருதநிலம்:

இளவேனில் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். கணக்கர் ஐயாவின் ஒப்பீடும் வலுவானது. ஆயினும் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். குப்பையை எடைபோட முடியும். ஒரு சமூகத்தின் இணக்கத்தையோ ஒரு மொழியின் செழிப்பையோ டன் கணக்கில் அளக்க முடியாது. வேல்ஷ் பேசுவோர் 2011-இல் 19 விழுக்காடாக இருந்து 2021 கணக்கெடுப்பில் 17.8 விழுக்காடாக, அதாவது ஏறத்தாழ 5 லட்சத்து 38 ஆயிரம் பேராகக் குறைந்தார்கள். 2050-க்குள் பத்து லட்சம் பேர் என்பது அரசின் இலக்கு. இதற்காக எந்த உள்ளாட்சிக்கு அபராதம் விதிப்பது? ஆங்கிலம் பேசும் பெற்றோர் தம் குழந்தையை வேல்ஷ் வழிப் பள்ளியில் சேர்ப்பதும், கிராமத்து இளைஞருக்குச் சொந்த ஊரிலேயே வாடகைக்கு வீடு கிடைப்பதும், அவர் அங்கேயே ஒரு வேலையில் நிலைப்பதும் ஒன்றோடொன்று பின்னியவை. வீட்டுவசதித் துறையும் கல்வித் துறையும் ஒரே மேசையில் அமர வேண்டும் என்று இந்தச் சட்டம் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் அனைவருக்கும் இலவச மதிய உணவு 2022 செப்டம்பரில் தொடங்கி இரண்டாண்டில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. உடல்நலம், சமத்துவம், உள்ளூர் விளைபொருள்களுக்குச் சந்தை என்ற மூன்றும் அந்த ஒரே தட்டில் சேர்கின்றன. லேபர் கட்சியும் வேல்ஸ் தேசியவாதக் கட்சியான பிளைட் கம்ரியும் செய்துகொண்ட ஒத்துழைப்பு உடன்பாட்டின் விளைவு அது என்பதால், சட்டத்துக்கு மட்டும் பெருமை சேர்க்க மாட்டேன்.

கணக்கர்:

பள்ளி உணவை நானும் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் வேல்ஸில் ஏறத்தாழ பத்துக்கு மூன்று குழந்தைகள் வறுமையில் இருக்கிறார்கள். பல ஆண்டுகளாக இந்த நிலை பெரிதாக மாறவில்லை. குடும்ப நலத்தொகைகளைத் தீர்மானிப்பது லண்டன். மருத்துவமனைச் சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியலோ 2024 இறுதியில் 8 லட்சத்தைத் தாண்டியது. சிலர் இரண்டு மூன்று பட்டியல்களில் இருப்பார்கள் என்று கழித்துப் பார்த்தாலும் அது தாங்கக் கூடிய எண் அன்று. உடல்நலம் முழுக்க முழுக்க வேல்ஸ் அரசின் பொறுப்பு என்பதால் இதற்கு லண்டனைக் கைகாட்ட முடியாது.

இதில்தான் வருமுன் காத்தல் என்ற வழிமுறை சோதனைக்கு உள்ளாகிறது. செலவுகளை நான்கு படிகளாகப் பிரித்துப் பார்ப்பதென்று 2018-இல் வேல்ஸ் அரசும் ஆணையரும் ஒப்புக்கொண்டார்கள்: பிரச்சினை தோன்றாமலே தடுப்பது, தோன்றத் தொடங்கும்போதே தடுப்பது, முற்றியபின் சேதத்தைக் குறைப்பது, நெருக்கடியில் ஓடிச்சென்று உதவுவது. அன்றாடச் செலவுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் பாதிக்கு மேல் உடல்நலத் துறைக்குப் போகிறது. அதன் பெரும்பகுதி நான்காம் படியில் கரைகிறது. இடுப்பு எலும்பு முறிந்து இன்று வந்திருக்கும் மூதாட்டியைக் காக்க வைத்துவிட்டு, அவர் வழுக்கி விழாமல் இருக்க ஐந்தாண்டுக்கு முன் குளியலறையில் பொருத்தியிருக்க வேண்டிய கைப்பிடிக்குப் பணம் ஒதுக்க எந்த அமைச்சராலும் முடியாது. இரண்டுக்கும் ஒரே பெட்டியிலிருந்து பணம் எடுக்கும்வரை முதல் படி தோற்றுக்கொண்டேதான் இருக்கும். முதல் படிக்கான பணத்தைத் தனித் தலைப்பில் வைத்து, நிதியாண்டின் நடுவில் யாரும் கைவைக்க முடியாதபடி பூட்ட வேண்டும் என்பதே நான் பல ஆண்டுகளாக வற்புறுத்தி வருவது.

கரிசல்:

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் தந்தையார் தென் வேல்ஸின் சுரங்கப் பள்ளத்தாக்கு ஒன்றில் குடும்ப மருத்துவராக இருந்தவர். அந்த மலைகளைப் பார்த்து வளர்ந்தவள் என்ற முறையில், இந்த விவாதத்துக்கு மிகப் பொருத்தமான உதாரணம் அங்கேயே இருக்கிறது என்று சொல்ல விரும்புகிறேன்.

1966 அக்டோபர் 21 காலையில் அபர்வான் கிராமத்தின் மேலே குவித்து வைக்கப்பட்டிருந்த நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து, தொடக்கப் பள்ளிமீதும் அருகிலிருந்த வீடுகள்மீதும் விழுந்தது. 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் இறந்தார்கள். தேசிய நிலக்கரி வாரியத்தின் பொறுப்பு இது என்று விசாரணை ஆணையம் தீர்ப்பளித்தது. அதன் பின்னும், எஞ்சிய மேடுகளை அகற்றும் செலவுக்காக, உலகெங்குமிருந்து மக்கள் அந்தக் கிராமத்துக்கு அனுப்பிய உதவி நிதியிலிருந்து 1,50,000 பவுண்டு எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்தத் தொகை 1997-இல்தான், வட்டியில்லாமல், திருப்பித் தரப்பட்டது. பத்தாண்டு கழித்து வேல்ஸ் அரசு நினைவு அறக்கட்டளைக்கு 15 லட்சம் பவுண்டும் கல்வி அறக்கட்டளைக்கு 5 லட்சம் பவுண்டும் அளித்தது. தவறு செய்தது லண்டனின் ஒரு நிறுவனம். ஈடு செய்தது அப்போது பிறந்திராத கார்டிஃப் அரசு.

அதோடு முடியவில்லை. டென்னிஸ் புயல் 2020 பிப்ரவரியில் வீசியபோது டைலர்ஸ்டவுனில் ஒரு பழைய கழிவு மேடு சரிந்து, ஏறத்தாழ 60,000 டன் மண் ஆற்றுப் பக்கம் இறங்கியது. உயிரிழப்பு இல்லை. அதன்பின் எடுத்த கணக்கெடுப்பில் வேல்ஸ் முழுவதும் 2,500-க்கும் மேற்பட்ட மேடுகள் கண்டறியப்பட்டன. 300-க்கும் மேற்பட்டவை அடிக்கடி பார்வையிட வேண்டிய ஆபத்துப் பிரிவில் வைக்கப்பட்டன. காலநிலை மாற்றத்தால் மழை கனத்துப் பெய்யப் பெய்ய, அசையாமல் இருந்த மேடும் அசையத் தொடங்கும். எல்லாவற்றையும் பாதுகாப்பாக்கப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளில் 50 கோடி பவுண்டுக்கு மேல் தேவை என்பது மதிப்பீடு. பல ஆண்டுகள் லண்டனின் பதில் ஒன்றாகவே இருந்தது: இது அதிகாரம் பகிர்ந்தளிக்கப்பட்ட துறை, உங்கள் வரவுசெலவுத் திட்டத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நிலக்கரியின் வருவாயை வேல்ஸ் அரசு ஒரு நாளும் பெற்றதில்லை. சுரங்கங்கள் பெரும்பாலும் மூடப்பட்டபின் பிறந்த அரசு அது. 2024 இலையுதிர்கால வரவுசெலவுத் திட்டத்தில் 2.5 கோடி பவுண்டும், 2025 ஜூனில் மூன்றாண்டுக்கு 11.8 கோடி பவுண்டும் கிடைத்தபின்தான் நிலைமை சற்று மாறியது.

போர்ட் டால்பட்டிலும் இதே பாடத்தைப் பார்க்கலாம். அங்குள்ள எஃகு ஆலையின் கடைசி ஊதுலை 2024 செப்டம்பர் 30 அன்று அணைக்கப்பட்டது. அதற்குப் பதிலாக மின்சாரத்தால் உருக்கும் மின்வில் உலைக்கான 125 கோடி பவுண்டுத் திட்டத்துக்கு 50 கோடி தர ஒப்புக்கொண்டது லண்டன் அரசு. ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் வேலை இழந்தபின் அவர்களின் மனநலமும் மறுபயிற்சியும் குழந்தைகளின் படிப்பும் வந்து சேர்ந்த இடம் கார்டிஃப். கரிமம் குறைந்தது நல்லதே. ஆனால் நீதியான மாற்றம் என்பதற்கு வேண்டிய தொழில்கொள்கையும் மின்கட்டணமும் ஊர் மக்களைக் காக்க வேண்டிய அரசின் கையில் இல்லை.

கணக்கர் ஐயா கேட்கும் எண்ணும் காலக்கெடுவும் விளைவும் கழிவு மேடுகள் விஷயத்தில் இப்போது ஓரளவு வந்திருக்கின்றன. பயன்பாட்டில் இல்லாத மேடுகள் பற்றிய தனிச் சட்டம் 2025-இல் நிறைவேறியது. அவற்றைக் கண்காணிக்கத் தனி ஆணையம், பதிவேடு, ஆய்வுக் கடமை ஆகியவற்றை அது வகுக்கிறது. 1969-ஆம் ஆண்டிலிருந்து இருந்த பழைய சட்டம், இயங்கும் சுரங்கங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பொதுவான நல்வாழ்வுச் சட்டம் ஒன்று முன்னே நடந்து, குறிப்பான கடமைச் சட்டம் பின்னே வர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால் இரண்டும் பயன்படா.

கணக்கர்:

கரிசல் அம்மா, மிக்க நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்தபின் என் வாதத்தை இன்னும் குறுக்கிச் சொல்ல முடிகிறது. புதிய ஆணையத்துக்கு ஆண்டுதோறும் எவ்வளவு பணம் கிடைக்கும் என்பது சட்டத்தில் இல்லை. லண்டனின் மூன்றாண்டு ஒதுக்கீடு முடிந்தபின் என்ன ஆகும் என்பதும் இல்லை. மேடுகளைப் பாதுகாப்பாக்க ஆகும் காலமோ பத்து முதல் பதினைந்து ஆண்டு. 2026 தேர்தல் முதல் செனெத்தில் 60 பேருக்குப் பதில் 96 உறுப்பினர்கள். கூடுதல் உறுப்பினர்கள் வேண்டும் என்று கேட்டதற்கு அரசைக் கூர்ந்து கேள்வி கேட்க ஆள் போதவில்லை என்பதே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தப் புதிய உறுப்பினர்கள் நிதிக்குழுவில் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: நான்கு படிகளில் ஒவ்வொன்றுக்கும் இந்த ஆண்டு எவ்வளவு போனது, மேடுகளுக்கான தலைப்பில் நான்காம் ஆண்டுக்கு எழுதப்பட்டிருக்கும் தொகை என்ன.

மருதநிலம்:

அந்த இரண்டு கேள்விகளையும் இழையின் தொடக்கப் பதிவோடு சேர்த்துவிடுகிறேன். அடுத்த வரவுசெலவுத் திட்டத்தின் வரைவு வந்ததும் உடல்நலத் துறையின் ஒதுக்கீட்டைப் படிவாரியாகப் பிரித்து இங்கே இடுகிறேன். உள்ளாட்சி ஒதுக்கீட்டைக் கணக்கர் ஐயா பார்த்துத் தந்தால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பேசலாம்.